பையனின் பெயரும் கடையின் பெயரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 17 வயதுப் பையன் ஒருவன் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தால், விடிவதற்குள் அவனுடைய பெயர் ஊரெல்லாம் தெரிந்துவிடும். அவன் யாருடைய மகன், எந்தப் பாடசாலையில் படிக்கிறான், தகப்பன் எந்த நாட்டிலிருந்து காசு அனுப்புகிறார், தாய் என்னென்ன விரதம் பிடிக்கிறாள் என்பனவெல்லாம் சந்திக்குச் சந்தி பேசப்படும். அவனுக்குப் போத்தலை விற்றவனின் பெயர் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. தெரியாது என்பதுகூடச் சரியன்று; தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள், சொல்லும்படி கேட்பாருமில்லை.

இந்த முறைகேட்டைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். பையனின் பெயர் மறைக்கப்பட வேண்டும், கடையின் பெயர் வெளிவர வேண்டும் என்பது எமது கட்சி. இதைச் செய்யக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது பாடசாலையுமன்று, பொலிஸ் நிலையமுமன்று. வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவே அது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். புகையிலை, மதுசாரம் ஆகியவை மீதான தேசிய அதிகாரசபையை நிறுவிய 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் மதுசாரம் விற்பதைத் தடைசெய்கிறது. ஆசிரிய நண்பர்கள் இதனை ஊன்றி நோக்க வேண்டும். தடை விற்பவனுக்கு. குடித்துவிட்டு வாகனம் ஓட்டுதல் வேறொரு சட்டத்தின்கீழ் வேறொரு குற்றம். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால், வயது வராதவனின் கையில் மது வந்து சேர்ந்தது எப்படி என்ற கேள்விக்குச் சட்டத்தின் விரல் கடைக்காரனையே சுட்டுகிறது. எமது சமுதாயம் அந்த விரலைப் பிடித்து, காயப்பட்டுக் கிடக்கும் பையனின் பக்கம் திருப்பி வைத்திருக்கிறது.

அந்தப் பையன் எங்கே வந்து சேர்கிறான்? பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் ஒன்றுக்கு. காயம் கடுமையானால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு. 2018 ஜூலையில் 1990 இலக்க அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்தபின், முன்பு ஓட்டோவில் கொண்டு வரப்பட்டவன் இன்று சற்று விரைவாகவே வந்து சேர்கிறான். காயம் கழுவப்படுகிறது, தையல் போடப்படுகிறது, எலும்பு முறிந்திருந்தால் கட்டப்படுகிறது. எல்லாம் இலவசமாக. வேறு பல நாடுகளின் ஏழைகளுக்குக் கிட்டாத பேறு இது. இதைக் குறைத்துப் பேசும் எண்ணம் எமக்கில்லை. ஆனால், அவன் ஏன் விழுந்தான் என்பது கண்முன்னே தெரிந்திருந்தும், அதைப் பற்றி நோயாளியிடம் பேசுவதுபோல் அவனிடம் யார் பேசுகிறார்கள்? ‘மது மணம் உண்டு’ என்ற மூன்று சொற்கள் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கைக்குப் போகலாம். அவை வழக்குக்கு உதவும், பையனுக்கு உதவா. மற்றபடி அவனுக்குக் கிடைப்பன இரண்டு. ஒன்று ஏச்சு, மற்றது மௌனம். வேலைப்பளுவால் நொந்தவர்கள் ஏசுகிறார்கள்; நல்ல மனம் படைத்தவர்கள், குடும்ப மானம் கருதி, ஒன்றும் காணாதவர்போல் இருந்துவிடுகிறார்கள்.

இரண்டும் ஆபத்தானவை. ‘வெறியில் கிடக்கிறான், தெளியட்டும்’ என்று ஓரமாய்க் கிடத்தப்பட்டவனின் மண்டைக்குள் குருதி கசிந்துகொண்டிருக்கலாம். வெறியும் மூளைக் காயமும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இளம் உடம்பில் மதுசாரம் குருதியிலுள்ள சர்க்கரையை வேகமாகத் தாழ்த்திவிடவும் கூடும். இவை வைத்தியர்கள் அறியாதவை அல்ல. நாம் சொல்வது அதற்கடுத்த படி. உயிர் தப்பியது, வெறி தெளிந்தது, தையல் போட்டாயிற்று, தாய் வந்து வெளியே விறாந்தையில் அழுதுகொண்டிருக்கிறாள். அந்த ஒரு மணித்தியாலத்தில் அவன் பயந்திருக்கிறான். பயம் கலைவதற்குள் ஒருவர் அவன் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், சில கேள்விகளைக் கேட்க வேண்டும்.

இது எமது கற்பனையன்று. உலக சுகாதார தாபனம் 1989 இல் வளர்ந்தோருக்கெனப் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டது. இளையோருக்கென அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வகுக்கப்பட்டு 1999 இல் வெளியான ஆறு கேள்விகளும் உண்டு. குடித்தவன் ஓட்டிய வாகனத்தில் ஏறியிருக்கிறாயா, தனியே இருந்து குடித்ததுண்டா, குடித்தபின் செய்தவற்றை மறந்ததுண்டா என்ற வகையில் அவை செல்கின்றன. கேள்வி முடிந்ததும் ஒரு சிறு உரையாடல். அதில் உபதேசம் இல்லை. குடியில் உனக்கு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, நேற்றைய இரவு மறுபடி வராமலிருக்க நீ என்ன செய்யலாம் என்று அவனையே சொல்ல வைப்பது. வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983 இல் எழுதிய கட்டுரையிலிருந்து இம்முறை வளர்ந்தது. பதினைந்து நிமிடம் போதும். அரை மணித்தியாலம் கிடைத்தால் நன்று.

இதனை இங்கே கொண்டுவரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிவத்தைக் கொழும்பில் யாராவது அகராதி பார்த்துத் தமிழாக்கி அனுப்பினால் அது குப்பைக் கூடைக்கே உதவும். அந்தப் படிவங்கள் ‘ஒரு பானம்’ என்று ஓர் அளவைப் பேசுகின்றன. 10 கிராம் தூய மதுசாரம் கொண்டது ஒரு பானம் என்பது உலக சுகாதார தாபனத்தின் கணக்கு. வடமராட்சிப் பையன் எவன் பானக் கணக்கில் குடிக்கிறான்? அவனுக்குத் தெரிந்தது கால் போத்தல், அரைப் போத்தல், ‘கடும் பியர்’. நாமே கணக்குப் பார்ப்போம். 180 மில்லிலீற்றர் சாராயத்தில் நூற்றுக்கு 33 பங்கு மதுசாரம் என்றால், கால் போத்தலில் ஏறக்குறைய 47 கிராம். நூற்றுக்கு 8.8 பங்குள்ள கடும் பியர் 625 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றில் ஏறக்குறைய 43 கிராம். ‘ஒரு பியர்தான் சேர்’ என்று சொல்லும் மாணவன் நான்கு பானத்துக்கு மேல் குடித்திருக்கிறான். அது அவனுக்கும் தெரியாது, ‘பியர்தானே’ என்று ஆறுதலடையும் தகப்பனுக்கும் தெரியாது. 19 ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார், வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். அந்த மண்ணில் ஆறு கேள்விகளை ஊர்ப் பையனுக்கு விளங்கும் தமிழில் ஆக்குவது இயலாத காரியமா? தமிழாசிரியர்களே, இது உங்களுடைய வேலையுந்தான்.

இதனால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகவே விடை சொல்ல வேண்டும். அமெரிக்காவின் றோட் ஐலன்ட் மாநிலத்தில், மது அருந்திய நிலையில் அவசர சிகிச்சைக்கு வந்த 18, 19 வயதினர் 94 பேரிடம் இதனைச் செய்து பார்த்து, 1999 இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்தின் பின், உரையாடல் பெற்றவர்களிடையே குடித்துவிட்டு வாகனம் ஓட்டுதலும் குடியால் காயப்படுதலும் குறைந்திருந்தன. மோட்டார்த் தொழிற்சாலைகள் மூடப்பட்டு வறுமையுற்ற பிளின்ட் நகரத்தில், குடியும் அடிதடியும் உடைய 14 முதல் 18 வயது வரையானோர் 726 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2010 இல் வெளிவந்தது. அங்கும் குடியால் வரும் கேடுகள் குறைந்தன. இரண்டு ஆய்வுகளிலும் குறைந்தது பெரும்பாலும் கேடுதான். குடியின் அளவில் அத்தகைய வேறுபாட்டைக் காட்ட முடியவில்லை. இங்கிலாந்தின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 14 முதல் 17 வயதினரிடையே பின்னர் நடந்த பரிசோதனையிலோ, கேள்வி மட்டும் கேட்கப்பட்டவர்களைவிட ஆலோசனையும் பெற்றவர்கள் எவ்வகையிலும் மேலாக இருக்கவில்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஆரம்ப சிகிச்சை நிலையங்களில் இது பயன்படுமா என்று தீர்ப்புச் சொல்லப் போதிய சான்று இல்லை என 2018 இல் அமெரிக்க நிபுணர் குழுவொன்றும் கூறிற்று.

எனவே இதை மந்திரம் என்று விற்க நாம் வரவில்லை. ஆனால், கேடு குறைந்தது, குடி குறையவில்லை என்றதும் முகம் சுளிப்பவர் யார் என்பதைப் பாருங்கள். ஒழுக்கவாதி முகம் சுளிக்கிறார். அவருக்கு வேண்டியது திருந்திய ஆன்மா. எமக்கு வேண்டியது அடுத்த மாதமும் உயிரோடிருக்கும் பையன். குடித்த இரவில் மோட்டார் சைக்கிளின் திறப்பை நண்பனிடம் கொடுக்கக் கற்றுக்கொண்டான் என்றால், அது தோல்வியென்று எந்தத் தாய் சொல்வாள்?

ஒழுக்கவாதிகளின் வரலாறும் சற்று நினைவுகூரத் தக்கது. 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் 1927 நவம்பரில் காந்தியடிகளை இங்கு அழைத்தது. அவர் மது ஒழிப்பையும் வற்புறுத்தினார், தீண்டாமை ஒழிப்பையும் வற்புறுத்தினார். யாழ்ப்பாணத்துப் பெரிய மனிதர்கள் முதலாவதுக்குக் கைதட்டி, இரண்டாவதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மது எதிர்ப்பு என்பது நெடுங்காலமாக இங்கு மரமேறும் தொழிலாளியை இகழும் சாக்காகவே பயன்பட்டது. கள்ளுத் தவறணையில் பிளாவோடு குந்தியிருப்பவன் ‘குடிகாரன்’. வரவேற்பறையில் வெளிநாட்டுப் போத்தலைத் திறப்பவர் ‘விருந்தோம்புபவர்’. இன்று மாமா கனடாவிலிருந்து வந்தால் மேசையில் என்ன வைக்கப்படுகிறது, பூப்புனித நீராட்டு விழாவின் பின்வளவில் என்ன நடக்கிறது என்பதை மாணவர்கள் எமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பையன் குடியைக் கற்றது அந்தப் பின்வளவில். அவனைப் பாடசாலையிலிருந்து நீக்கச் சொல்லிக் குரல் எழுப்புவோரில் சிலர் அந்தப் பின்வளவில் இருந்தவர்கள்!

‘இப்போது ஐஸ் வந்துவிட்டது, கஞ்சா வந்துவிட்டது, நீங்கள் சாராயத்தைப் பற்றிப் பேசுகிறீர்களே’ என்றும் கேட்கப்படுகிறது. அவற்றின் கொடுமையை நாம் அறிவோம். ஆனால் அவை இருட்டில் விற்கப்படுவன. இது உரிமப் பத்திரம் பெற்று, பெயர்ப்பலகை மாட்டி, அரசாங்கத்துக்கு வரி கட்டி விற்கப்படுவது. பேசுவதற்கு எது வசதியில்லையோ அதைப் பற்றியே பேச வேண்டியுள்ளது.

இனி எமது தோழர்களோடு ஒரு சொல். அவர்களுடைய ஆட்சேபம்தான் எமக்குக் கனமானது. ‘போர் முப்பதாண்டு தின்ற மண்; வேலையில்லை; காணி இல்லை; குடும்பங்கள் சிதறின. மது முதலாளியும் கலால் வருமானமும் கைகோத்து நிற்கின்றன. இந்த நிலையில் கட்டிலடியில் உட்கார்ந்து பையனோடு பேசுவது, சமுதாய நோயைத் தனிமனிதன் தலையில் கட்டும் சூழ்ச்சியல்லவா?’ என்பது அவர்கள் வாதம். இதன் முற்பகுதியில் ஒரு சொல்லையும் நாம் மறுக்கோம். உளவைத்திய நிபுணர் தயா சோமசுந்தரம் வடபகுதியின் அவலத்தைத் தனியாட்களின் நோயாகவன்றி, ஒரு சமுதாயமே பட்ட காயமாகக் காண வேண்டும் என்று 2007 இல் எழுதினார். குடி பெருகியதையும் அக்காயத்தின் அடையாளங்களுள் ஒன்றாக நோக்கினார். உரிமப் பத்திரங்களின் கதையும் நாம் அறிந்ததே. 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட பட்டியலில், அவ்வாண்டு வழங்கப்பட்ட மதுபான உரிமங்கள் 300 க்கு மேல் இருந்தன. அவை அரசியல் இலஞ்சமாக வழங்கப்பட்டன என்ற குற்றச்சாட்டும் அதனோடு எழுந்தது. போரில் தரைமட்டமான கிளிநொச்சி மாவட்டத்துக்கும் அதில் பங்கு கிடைத்தது. வீடு கட்டி முடிக்குமுன் சாராயக் கடை வந்த புனர்வாழ்வு!

ஆனால் தோழர்களே, பிற்பகுதி பிழை. நஞ்சின் கதையை நினையுங்கள். 1995 இல் இலங்கையின் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 2008 முதல் 2011 வரை பரகுவாற் முதலியவற்றின் விற்பனையும் நிறுத்தப்பட்டது. அந்த விகிதம் பின்வந்த இருபதாண்டுகளில் ஏறக்குறைய நூற்றுக்கு 70 பங்கு வீழ்ந்தது. சந்தையிலிருந்து நஞ்சை அகற்றுவது எத்தனை உயிரைக் காக்கும் என்பதற்கு உலகுக்கே இந்நாடு சான்றாயிற்று. இதுவே தோழர்களின் வாதத்துக்கு வலிமையான ஆதாரம், ஏற்றுக்கொள்கிறோம். ஆனால், நஞ்சு தடைசெய்யப்படும் வரை நஞ்சுண்டவனுக்குச் சிகிச்சை செய்ய மாட்டோம் என்று எந்த வைத்தியர் சொன்னார்? இன்னும் ஒன்று. எந்த நஞ்சு எத்தனை பேரைக் கொன்றது என்று தெரிந்தபடியால்தான் எதைத் தடைசெய்வது என்றும் தெரிந்தது. அந்தக் கணக்கைத் தந்தவை வைத்தியசாலைக் கட்டில்கள்.

இங்கேதான் எமது கேள்விப் படிவத்தில் ஒரு கேள்வியைக் கூட்ட வேண்டும் என்கிறோம். பொஸ்டனின் ஆறு கேள்விகளில் அது இல்லை. ‘இதை எங்கே வாங்கினாய்?’

வேல்ஸ் நாட்டின் கார்டிவ் நகரில் ஜொனதன் செப்பர்ட் என்ற முகச் சத்திரசிகிச்சை நிபுணர், சண்டையில் உடைந்த கண்ணாடியால் கிழிந்த முகங்களைத் தைத்துத் தைத்து, இவற்றிற் பல பொலிசாரின் கணக்கிலேயே இல்லை என்பதைக் கண்டார். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரிடம் எங்கே அடிபட்டாய், எப்போது, எதனால் என்று மட்டும் கேட்டு, ஆளின் பெயரை நீக்கிவிட்டு, இடத்தின் பெயரை நகரசபைக்கும் பொலிசாருக்கும் கொடுக்கச் செய்தார். எந்த மதுச்சாலையின் வாசலில் இரத்தம் சிந்துகிறது என்பது தெரிந்தது. 2011 இல் வெளியான ஆய்வின்படி, வன்முறைக் காயங்களுக்காக வைத்தியசாலையில் சேர்ந்தோர் தொகை கார்டிவில் மாதம் இலட்சத்துக்கு 7 இலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதனோடு ஒப்பிடப்பட்ட 14 நகரங்களில் 5 இலிருந்து 8 ஆகக் கூடியது. கட்டிலடியில் கேட்ட கேள்வி தனிமனிதனோடு முடிந்துவிடவில்லை. மதுச்சாலையின் கதவைப் போய்த் தட்டியது. சமுதாயக் காரணத்தை மறைப்பதற்குப் பதிலாக, விலாசத்தோடு காட்டியது.

குடாநாட்டின் ஐந்து வைத்தியசாலைகளிலும் ஓராண்டுக்கு இக்கேள்வி கேட்கப்படட்டும். எந்தச் சந்தி, எந்தக் கடை, எந்த வளவுக் கசிப்பு, எந்தக் கலியாண வீடு என்பது தெரியவரும். எந்தப் பாடசாலைக்கு எத்தனை யார் தூரத்தில் என்பதும் தெரியவரும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அது இல்லையேல் எல்லாம் வீண். பையன் சொல்வது பொலிசுக்கும் போகக் கூடாது, அதிபருக்கும் போகக் கூடாது. பெரிய வைத்தியசாலைகளில் வாசலிலேயே பொலிஸ் காவலரண் இருக்கிறது. அந்த நிழலில் எந்தப் பையன் உண்மை சொல்வான்? ‘குளிர்பானம்தான் குடித்தேன்’ என்பான்; அல்லது தையல் முடியுமுன் பின்வழியால் ஓடிவிடுவான். நீதிமன்றத்துக்குரிய வைத்தியப் பரிசோதனை வேறு. இந்த உரையாடல் வேறு. இரண்டும் வேறு ஆட்களால், வேறு தாள்களில் நடத்தப்பட வேண்டும். பெற்றோருக்கு என்ன சொல்வது என்பது இதனிலும் கடினம். எமது ஊரில் தாய் தகப்பனை வெளியே நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு தனியே பேசுவது மரியாதைக் குறைவாகவே கொள்ளப்படும். ஆயினும், உயிராபத்து இல்லாதவிடத்து, பிள்ளையின் சம்மதத்தோடு, பிள்ளையின் வாயாலேயே பெற்றோர் அறிய வழிசெய்வதே முறை. அதிபரைப் பொறுத்தவரை எமக்கு ஐயமே இல்லை. பாடசாலையை விட்டு விலக்கப்பட்டவன் போய்ச் சேரும் இடம் எதுவென்று ஆசிரியர்களுக்கு நாம் சொல்ல வேண்டுமா?

பெண் பிள்ளைகளைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்த 1979 ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்க, சில நாட்களுக்குள் ஜனாதிபதி அதனை மீளக் கொண்டுவரச் செய்தார். நாடு முழுவதும் அப்போது பேசப்பட்டது பெண்ணின் கற்பும் பண்பாடும். ஒரு பெண் பிள்ளை குடித்த நிலையில் வைத்தியசாலைக்கு வந்தால் அவளை யார், எப்படி விசாரிப்பது என்பதன்று. அவளுக்கு இரகசியம் பையனைவிடப் பன்மடங்கு தேவை. அவளுடைய பெயர் வெளிவந்தால் அது தையலோடு ஆறும் காயமன்று.

யார் இதைச் செய்வது? 2022 பொருளாதார நெருக்கடியின் பின் வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள்; எஞ்சியவர்களின் தோளில் இன்னொரு படிவத்தை ஏற்றுவது அநியாயம் என்பதை ஏற்கிறோம். ஆனால் இதற்கு வைத்தியரே வேண்டும் என்று யார் சொன்னது? கோவாவில் மிகையாகக் குடிக்கும் ஆண்கள் 377 பேரைக் கொண்டு நடத்தி 2017 இல் வெளியிட்ட ஆய்வில், பேசியவர்கள் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள், வைத்தியர்களல்லர், உளவியலாளருமல்லர். மூன்று மாதத்தின் பின், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 26 பேர் மீண்டிருந்த இடத்து, உரையாடலும் பெற்றவர்களில் 36 பேர் மீண்டிருந்தனர். அவர்கள் வளர்ந்த ஆண்கள் என்பது உண்மை. ஆயினும் பேசுபவர் யாராயிருக்கலாம் என்பதற்கு அது விடை. போரும் 2004 ஆழிப்பேரலையும் இந்தக் குடாநாட்டுக்கு ஒரு நன்மையைத் தற்செயலாகத் தந்தன. துயருற்றவரோடு இருந்து பேசப் பழகிய உளவளத் துணையாளர்கள் இங்கு ஒரு தலைமுறையாக உருவாகியிருக்கிறார்கள். 1987 முதல் ‘சாந்திகம்’ போன்ற அமைப்புகள் அவர்களைப் பயிற்றின. வெள்ளி, சனி இரவுகளிலும் நல்லூர்த் திருவிழா, வருடப் பிறப்பு நாட்களிலும் அவர்களில் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து அவசர சிகிச்சைப் பிரிவில் உட்கார வைக்க, கலால் வருமானத்தில் எத்தனை துளி வேண்டும்? தொண்டாகச் செய்யட்டும் என்று சொல்லிவிடாதீர்கள். குடியால் வரும் பணம் திறைசேரிக்கு, குடியால் வரும் துன்பம் தொண்டர்களுக்கு என்ற பிரிவினையை நாம் ஏற்க மாட்டோம்.

சாராயக் கடைகளின் உரிமப் பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. புதுப்பிக்கும் மேசைக்கு இன்று போவன கட்டணம் கட்டிய பற்றுச்சீட்டும் சிபாரிசும். இனிமேல் வைத்தியசாலையிலிருந்தும் ஒரு தாள் போகட்டும்: இக்கடையில் வாங்கியதாகச் சொன்ன, 21 வயதுக்குக் குறைந்த காயக்காரர் இவ்வாண்டில் இத்தனை பேர். அதில் ஒருவருடைய பெயரும் இருக்க வேண்டியதில்லை. கடையின் பெயர், தெருவின் பெயர், உரிம இலக்கம், இவ்வளவும் இருந்தால் போதும். அடுத்த ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். மாகாண சுகாதார அமைச்சுக்கு அனுப்புங்கள். மறுப்பவர் யாரோ, அவருடைய காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள்.